அங்கே டைவர்ஸ், இங்கே மனைவி!

திருச்சியில் ஒரு வீடு. பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மாப்பிள்ளைக்குக் கலிபோர்னியாவில் சாஃப்ட்வேர் வேலை. எச்-4 விசாவில் பெண்ணும் போனாள், எட்டு மாதம் இருந்தாள். "உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டு வா" என்று டிக்கெட் போட்டு அனுப்பிய மாப்பிள்ளை, திரும்பி வர டிக்கெட் போடவே இல்லை. ஒரு நாள் கூரியரில் தடிமனாக ஒரு கவர் வருகிறது. உள்ளே அமெரிக்க கோர்ட்டு சம்மன். முப்பது நாளைக்குள் பதில் போட வேண்டுமாம்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் நம்மூரில் எத்தனையோ வீடுகளுக்கு இப்படி ஒரு கவர் வந்திருக்கிறது. வந்த அன்றே இரண்டு விதமான இலவச ஆலோசனையும் வந்துவிடும். பக்கத்து வீட்டு மாமா, "அமெரிக்க கோர்ட்டு ஆர்டர் நம்மூர்ல செல்லாதும்மா, கிழிச்சுக் குப்பையில போடு" என்பார். பெரியப்பா, "அவ்வளவுதான், எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேர் சொல்வதுமே தப்பு. அந்தப் பெண்ணின் வாழ்க்கை இந்த இரண்டு தப்புக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வணிகவியல் மாணவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வெளிநாட்டு கோர்ட்டின் பணத் தீர்ப்பு வேறு, விவாகரத்துத் தீர்ப்பு வேறு. லண்டனில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனி மேல் கேஸ் போட்டு ஒரு கோடி ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கினால், அதைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கே மாவட்ட நீதிமன்றத்துக்கு வரலாம். இங்கே கொடுத்த தீர்ப்பு மாதிரியே அதை நிறைவேற்றி, சொத்தை ஜப்தி செய்ய முடியும். 1908-ம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவு இதற்கு வழி செய்கிறது. ஆனால் எல்லா நாட்டுக்கும் இந்தச் சலுகை கிடையாது. மத்திய அரசு அறிவித்த நாடுகளுக்கு மட்டும்தான். பிரிட்டன், சிங்கப்பூர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது. அமெரிக்கா இல்லை! அமெரிக்கத் தீர்ப்பை வைத்துப் பணம் வசூல் செய்ய வேண்டுமென்றால், அந்தத் தீர்ப்பையே ஆதாரமாக வைத்து மூன்று வருஷத்துக்குள் இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும்.

விவாகரத்துத் தீர்ப்பில் ஜப்தி செய்ய என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. 'இவர்கள் இனி கணவன் மனைவி இல்லை' என்ற நிலையை அது அறிவிக்கிறது, அவ்வளவுதான். அதை நம்மூர் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளுமா, மாட்டாதா என்பதுதான் கேள்வி. மதுரையில் வாங்கிய விவாகரத்து டெல்லியில் செல்லுமா என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் இந்தியா முழுக்க ஒரே நீதித்துறை. கடல் தாண்டினால்தான் சிக்கல்.

(அமெரிக்காவில் கடல் தாண்டக்கூட வேண்டாம், மாநில எல்லையைத் தாண்டினாலே போதும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. நெவாடா மாநிலத்தில் ஆறு வாரம் தங்கினால் விவாகரத்து கிடைக்கும். வட கரோலினாவில் கல்யாணமான ஓர் ஆணும், வேறொருவருக்கு மனைவியான ஒரு பெண்ணும் நெவாடாவுக்குப் போய் ஆறு வாரம் தங்கி, அவரவர் ஜோடியிடமிருந்து விவாகரத்து வாங்கி, அங்கேயே ஒருவரையொருவர் கல்யாணமும் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். வட கரோலினா அவர்கள் மேல் கிரிமினல் கேஸ் போட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1942-ல் 'நெவாடா தீர்ப்பை மதிக்க வேண்டும்' என்றது. அதே வழக்கு திரும்பி வந்தபோது, 1945-ல் 'அவர்கள் உண்மையிலேயே நெவாடாவில் குடியேறினார்களா என்று வட கரோலினா விசாரிக்கலாம்' என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தப் பாடு!)

சரி, நம்மூர்ச் சட்டத்துக்கு வரலாம். அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-வது பிரிவு, வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கேயும் இறுதியானது என்று ஆரம்பித்துவிட்டு, ஆறு விதிவிலக்குகளை அடுக்குகிறது. அந்த கோர்ட்டுக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லையென்றால் செல்லாது. இரு தரப்பு நியாயத்தையும் அலசிக் கொடுத்த தீர்ப்பாக இல்லையென்றால் செல்லாது. பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை மதிக்க மறுத்திருந்தால், இயற்கை நீதிக்கு விரோதமாக நடந்திருந்தால், மோசடி செய்து வாங்கியிருந்தால், இந்தியச் சட்டத்தை மீறிய ஒரு கோரிக்கையை ஏற்றிருந்தால், அப்போதும் செல்லாது. படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிற மாதிரிதான் தெரியும். ஒரு கல்யாணத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது என்பதை நம் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் காட்டியது.

முதல் வழக்கு 1974-ல் வந்தது. 1955-ல் ஜலந்தரில் நடந்த கல்யாணம், இரண்டு குழந்தைகள். கணவர் வனவியல் படிக்க 1959-ல் அமெரிக்கா போனார். படித்தது யூட்டா மாநிலத்தில், விவாகரத்து வாங்கியது நெவாடாவில், பிறகு வேலை பார்த்தது கனடாவில்! 1964-ல் 'நெவாடாவில்தான் நிலையாகக் குடியிருக்கிறேன்' என்று சத்தியம் செய்து தீர்ப்பு வாங்கியிருந்தார். மனைவி ஜீவனாம்சம் கேட்டபோது, 'அவள் என் மனைவியே இல்லை' என்று அந்தக் காகிதத்தை நீட்டினார். உயர் நீதிமன்றம் அதை நம்பிவிட்டது. உச்ச நீதிமன்றம் நம்பவில்லை. நெவாடாவில் குடியிருக்கும் எண்ணமே இல்லாமல், இருப்பதாகச் சொல்லி அந்த கோர்ட்டை ஏமாற்றியது மோசடி, எனவே தீர்ப்பு செல்லாது, ஜீவனாம்சம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. மற்ற நாடுகளின் விதிகளை அப்படியே எடுத்துப் பொருத்திக்கொள்ள முடியாது என்றும், நாடாளுமன்றம் இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1974.

இரண்டாவது வழக்குதான் இன்றைக்கும் எல்லா வக்கீல்களும் சொல்கிற வழக்கு. 1975-ல் திருப்பதியில் நடந்த கல்யாணம். 1978-ல் பிரிந்தார்கள். கணவர் முதலில் திருப்பதி கோர்ட்டில்தான் விவாகரத்து கேட்டார். பிறகு அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் மனுப் போட்டார். அங்கே 90 நாள் குடியிருந்தாலே போதும். மனைவிக்கு சம்மன் வந்தது. அவர் இங்கிருந்தே, 'உங்கள் கோர்ட்டின் அதிகாரத்தை நான் ஏற்கவில்லை, ஆட்சேபித்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்' என்று எழுதி அனுப்பினார். (என்ன ஒரு தெளிவு!) 1980-ல், மனைவி ஆஜராகாமலே, 'மணவாழ்க்கை சரிசெய்ய முடியாதபடி முறிந்துவிட்டது' என்ற காரணத்தில் தீர்ப்பு வந்தது. 1981-ல் கணவர் இந்தியாவில் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். மனைவி இருதார மணக் குற்றத்துக்குப் புகார் கொடுத்தார். மாஜிஸ்திரேட் கணவரை விடுவித்தார், உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1991 ஜூலையில் வந்த தீர்ப்பு, மேலே சொன்ன 13-வது பிரிவைக் கல்யாண வழக்குகளுக்காகவே புதிதாக எழுதியது என்று சொல்லலாம். எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் அங்கீகரிக்கும் கோர்ட்டுதான் விவாகரத்து கொடுக்கலாம், அந்தச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காகத்தான் கொடுக்கலாம். விதிவிலக்கு மூன்று. எதிர்த்தரப்பு நிரந்தரமாகக் குடியிருக்கும் நாட்டிலேயே வழக்குப் போட்டிருந்தால் செல்லும். எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அந்த கோர்ட்டில் வாதாடியிருந்தால் செல்லும். இந்த இரண்டிலும் காரணம் நம்மூர்ச் சட்டத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். மூன்றாவது, எதிர்த்தரப்பு சம்மதித்தால் செல்லும்.

இந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. சம்மன் அனுப்பிவிட்டால் மட்டும் இயற்கை நீதி ஆகிவிடாது. எதிர்த்தரப்பு உண்மையிலேயே வந்து வாதாட முடிந்ததா என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் பயணச் செலவு, தங்கும் செலவு, வழக்குச் செலவை எல்லாம் வழக்குப் போட்டவரே கொடுக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். திருச்சியில் இருக்கும் பெண்ணிடம் 'கலிபோர்னியா கோர்ட்டுக்கு வந்து பேசு' என்று சொல்வது, 'நிலாவுக்கு வந்து பேசு' என்பது மாதிரிதான். விசா யார் கொடுப்பார்கள்? டாலரில் வக்கீல் ஃபீஸ் யார் கட்டுவார்கள்? அந்த நியாயத்தைப் புரிந்துகொண்டு ஒரு கோர்ட்டு எழுதியது என்பதற்காகவே இந்தத் தீர்ப்பைக் கும்பிடலாம்.

ஆனாலும் இதில் ஒரு குறை இருக்கிறது. உச்ச நீதிமன்றம் கொடுத்தது கேடயம், கத்தி இல்லை. 'அந்தத் தீர்ப்பு உன்னைக் கட்டுப்படுத்தாது, நீ இன்னும் மனைவிதான்' என்று சொல்கிறது. மனைவியாக இருந்து என்ன கிடைக்கும்? குடும்பம் நடத்தக் கணவன் இல்லை. ஜீவனாம்சத்துக்கு இங்கே ஆர்டர் வாங்கலாம் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144). அதைக் கலிபோர்னியாவில் சம்பளம் வாங்குபவரிடம் எப்படி வசூலிப்பது? அவர் பெயரில் இங்கே சொத்து இருந்தால் உண்டு, இல்லையென்றால் ஆர்டரை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவள் மறுமணம் செய்துகொள்ள நினைத்தால் இங்கே தனியாக ஒரு விவாகரத்து வாங்க வேண்டும். அங்கே ஒருவன் ஒரு கையெழுத்தில் முடித்ததை, இங்கே அவள் வருஷக்கணக்கில் படியேறி முடிக்க வேண்டும்.

பதினோராம் வகுப்பிலேயே வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ரொக்க ஏடு ஒரு இருப்பைக் காட்டும், வங்கியின் பாஸ்புக் வேறொரு இருப்பைக் காட்டும். இரண்டையும் ஒத்துப் பார்த்து ஏன் வித்தியாசம் என்று கண்டுபிடித்துச் சரிகட்ட வேண்டும். இந்தக் கல்யாணங்களில் அமெரிக்க ஏடு 'விவாகரத்தானவர்' என்கிறது, இந்திய ஏடு 'மணமானவர்' என்கிறது. சரிகட்டும் பட்டியல் போட மட்டும் ஆளில்லை.

அதன் விளைவு எங்கே போய் முடியும் என்று பாருங்கள். அந்தக் கலிபோர்னியா கணவர் அங்கேயே வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணும் நம்மூர்ப் பெண்ணே. விவாகரத்துக் காகிதத்தைக் காட்டித்தான் கல்யாணம் நடக்கிறது, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. கணவர் வேளச்சேரியில் ஒரு ஃபிளாட் வாங்கிப் போடுகிறார். உயில் எழுதாமல் திடீரென்று இறந்துவிடுகிறார். ஃபிளாட் யாருக்கு? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி மனைவி முதல் வகுப்பு வாரிசு. ஆனால் எந்த மனைவி? அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது என்றால் திருச்சிப் பெண்தான் விதவை. பத்து வருஷம் கூடவே வாழ்ந்தவளுக்குப் பங்கு இல்லை. அவள் குழந்தைகளுக்கு அப்பாவின் சொத்தில் பங்கு உண்டு, அவளுக்கு மட்டும் கிடையாது. தப்பு செய்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரு தப்பும் செய்யாத இரண்டு பெண்கள் ஒரு ஃபிளாட்டுக்காக கோர்ட்டில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

எப்போதும் கணவன்தான் ஏமாற்றுவான் என்றும் இல்லை. அடி உதை தாங்காமல் இங்கிலாந்திலேயே விவாகரத்து வாங்கிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 2022 ஏப்ரல் 6 முதல் விவாகரத்துக்கு யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் இடமில்லை. மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் போதும். கலிபோர்னியாவில் 1970-லிருந்தே இந்த நடைமுறை உண்டு. நியூயார்க்கும் 2010-ல் வந்து சேர்ந்துகொண்டது. அவள் அடிபட்டது உண்மை, ஆனால் தீர்ப்பில் 'கொடுமை' என்ற சொல்லே இருக்காது. 'முறிவு' என்ற காரணம் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. அதைச் சேர்க்கக் கொண்டுவந்த மசோதா 2013-ல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவை கலைந்ததும் காலாவதி ஆகிவிட்டது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முறிந்த கல்யாணத்தை அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின் கீழ் முடித்துவைக்கலாம் என்றது. அதுவும் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம், திருச்சி குடும்ப நீதிமன்றத்துக்குக் கிடையாது. ஆக, கணவன் சம்மதிக்காமல் இங்கே உட்கார்ந்துகொண்டு முரண்டு பிடித்தால், இங்கிலாந்தில் விடுதலையான பெண் சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் மறுபடியும் அவன் மனைவியாகிவிடுகிறாள்! அவள் மறுமணம் செய்துகொண்டால் இருதார மணக் குற்றம் அவள் மேலேயே பாயலாம். அன்றைக்குக் கைவிடப்பட்ட பெண்ணைக் காப்பாற்றப் போட்ட வேலி, இன்றைக்குத் தப்பித்த பெண்ணை உள்ளேயே அடைக்கிறது.

நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் ஐம்பது வருஷமாகச் சட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1974 தீர்ப்பு கேட்டது. 1976-ல் சட்ட ஆணையம் தன் 65-வது அறிக்கையை இதற்காகவே எழுதியது. அது அப்படியே கிடக்கிறது என்று 1991 தீர்ப்பு வருத்தப்பட்டது. 1994-ல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியாவில் நடந்த கல்யாணத்தை வெளிநாட்டு கோர்ட்டு ரத்து செய்ய முடியாதபடி செய்யுங்கள், கணவனின் சொத்திலிருந்து மனைவிக்கு வழி செய்யுங்கள், நம் கோர்ட்டு ஆர்டர் அங்கேயும் செல்ல ஒப்பந்தம் போடுங்கள் என்று வரிசையாகச் சொன்னது. 2009-ல் சட்ட ஆணையத்தின் 219-வது அறிக்கை, 2024 பிப்ரவரியில் 287-வது அறிக்கை. அறிக்கைகளை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். வெளிநாட்டு விவாகரத்துகளை ஒருவருக்கொருவர் அங்கீகரிப்பதற்கான 1970-ம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை.

சட்டம் வந்தால் எப்படி இருக்க வேண்டும்? காரணத்தை ஒத்துப் பார்க்கும் வேலையை முதலில் விட்டுவிட வேண்டும். உலகமே குற்றம் சொல்லாத விவாகரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, அவர்கள் தீர்ப்பில் நம்மூர்ச் சட்டத்தின் சொற்களைத் தேடினால் கிடைக்காது. அதற்குப் பதிலாக நடந்த விதத்தைப் பார்க்கலாம். வழக்குப் போட்டவர் அந்த ஊரில் நிஜமாகக் குறைந்தது ஒரு வருஷமாவது வாழ்ந்தாரா? எதிர்த்தரப்பு வாதாடச் செலவு கொடுத்தாரா? ஜீவனாம்சம், சீர், நகை, குழந்தை விஷயத்தில் கணக்குத் தீர்த்தாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஏற்றுக்கொள்ளலாம், ஒன்றுக்கு இல்லை என்றாலும் அந்தக் காகிதத்துக்கு இங்கே மதிப்பில்லை. விவாகரத்து வேண்டும் என்பவர் காசு கட்டிவிட்டு வரட்டும்.

இன்னொன்றும் வேண்டும். வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையை, வழக்குப் போடாதவர் கையில் கொடுக்க வேண்டும். திருச்சிப் பெண் நான்கு வருஷம் கழித்து 'சரி, அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறேன், எனக்கு விடுதலை கொடுங்கள்' என்று குடும்ப நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தால், அன்றே விளம்புகைத் தீர்ப்பு கிடைக்க வேண்டும். கல்யாண நிலையைப் பற்றி விளம்புகை கொடுக்கும் அதிகாரம் 1984-ம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்திலேயே இருக்கிறது. பின்னால் கொடுக்கும் சம்மதமும் சம்மதம்தான் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

'பையன்கள் பாவம் இல்லையா?' என்று வகுப்பில் கை தூக்க ஆள் உண்டு. அங்கே பத்து வருஷமாக வாழ்பவர், ஒத்துப்போகவில்லை, கௌரவமாகப் பிரிய நினைக்கிறார், இங்கே ஏழு வருஷச் சிறைக்குப் பயப்பட வேண்டுமா? நியாயமான கேள்விதான். அவருக்கும் மேலே சொன்ன சட்டம்தான் பதில். இன்றைய நிலையில் அவர் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், எவ்வளவு பணம் கட்டினாலும், எதிர்த்தரப்பு சம்மதம் கொடுக்காவிட்டால் அவருடைய தீர்ப்பும், ஆறு வாரம் ஓட்டலில் தங்கி வாங்கிய தீர்ப்பும் இங்கே ஒரே விலைதான். நேர்மைக்கு ஒரு சலுகையும் இல்லாத இடத்தில் யார் நேர்மையாக இருப்பார்கள்?

சட்டம் வரும்வரை கவர் வந்தவர்கள் கவனிக்க வேண்டியது, கிழித்துப் போடாமல் இருப்பதுதான். கவர் வந்த தேதியைக் குறித்து வைக்க வேண்டும். திருப்பதிப் பெண் எழுதிய மாதிரி, 'அதிகாரத்தை ஏற்கவில்லை, ஆட்சேபத்தோடுதான் எழுதுகிறேன்' என்று வக்கீல் மூலமாக ஒரு பதில் போய்ச் சேர வேண்டும். அவசரப்பட்டு அங்கே வக்கீல் வைத்து முழு வழக்கையும் நடத்தினால், 'தானாக முன்வந்து வாதாடினார்' என்ற விதிவிலக்கில் போய் விழ வாய்ப்பு உண்டு. சொந்தக்காரர் யாராவது 'ஒரு கையெழுத்துதானே' என்று சம்மதப் பத்திரத்தை நீட்டினால், நகையும் பணமும் கைக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பேனாவைத் தொடவே கூடாது.